ஈஆர்பிநெக்ஸ்ட் 15: ஏற்றி ஒரு வருடம், இன்னும் தீராத மூடைக் கணக்கு

எங்கள் ஆலையின் கணக்கையும் இருப்பையும் பார்க்கும் ஈஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளை 13ஆம் பதிப்பில் இருந்து 15க்கு ஏற்றி ஒரு வருடம் கடந்துவிட்டது. காலபோகம், சிறுபோகம் இரண்டுக்கும் நெல் வாங்கியாயிற்று. ஒரு பில்லும் தொலையவில்லை, ஒரு விவசாயியின் நிலுவையும் பிசகவில்லை. ஏற்றியது சரியா என்று கேட்டால் சரி என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் நெல் இருப்பு அறிக்கையைத் திறக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

இதை எழுதக் காரணம், வவுனியாவில் ஹாட்வெயார் வைத்திருக்கும் கூட்டாளி போன கிழமை கேட்ட கேள்வி: "மச்சான், பழசையே ஏத்துறதோ, இல்லாட்டி புதுசாப் போட்டு ஓப்பினிங் பலன்ஸோட தொடங்குறதோ?" போனில் சொல்லி முடிகிற விசயம் இல்லை.

எங்களது கிளிநொச்சிப் பக்கம் ஓர் அரிசி ஆலை. அதோடு ஒட்டி உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை. 2021இல் இருந்து எல்லாம் ஈஆர்பிநெக்ஸ்டில்தான். வற் (பெறுமதி சேர் வரி) கூடியதால் புதுப் பதிப்பு கட்டாயம் என்று சிலர் சொல்லித் திரிந்தார்கள், நம்பவேண்டாம். 2024 ஜனவரி 1இல் 15 வீதம் 18 ஆனபோது வரி டெம்ப்ளேட்டில் எண்ணை மாற்றினோம், பழைய 13 பேசாமல் வேலை செய்தது. ஏற்றவேண்டி வந்தது, 13க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோனதால். இணையத்தில் திறந்து கிடக்கும் கணக்கு, அதை அப்படியே விடமுடியாது.

கொழும்பில் பெரிய கம்பனிகளில் சாப் என்ற பெரிய மென்பொருள் வைத்திருப்பவர்கள், பழையதை ஏற்றுவதற்கு பிரவுன்ஃபீல்ட், புதிதாகத் தொடங்குவதற்கு கிரீன்ஃபீல்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஈசிசி 6 என்ற பழைய சாப் பதிப்புக்கான வழமையான ஆதரவு 2027உடன் முடிகிறது என்ற நெருக்கடி. எங்கள் அளவுக்கு இறக்கிப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான்: பழைய தரவை முழுதாகச் சுமந்துகொண்டு போவதா, நிலுவைகளை மட்டும் எடுத்துக்கொண்டு வெறும் வீட்டில் குடியேறுவதா?

எங்களுக்காக அதைத் தீர்மானித்தது போகம். புதிதாகத் தொடங்குவதென்றால் ஏப்ரல் 1தான் வசதி. மார்ச் 31இல் கணக்கு வருடம் முடியும், நிலுவைகளை அப்படியே தூக்கி வைக்கலாம். ஆனால் பெப்ரவரி, மார்ச் என்றால் இரணைமடுக் குளத்தின் கீழே காலபோக வெட்டு. ஆலை வாசலில் இரவு பகலாக உழவு இயந்திரமும் லொறியும் வரிசை கட்டி நிற்கும். அந்த நேரம் தராசடியில் நிற்கும் அண்ணையிடம் போய், "இண்டையில இருந்து இந்தத் திரை இல்லை, வேற திரை" என்று சொல்லிப் பாருங்கள். பழையதை ஏற்றுவதென்றால் வருட முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சிறுபோக நெல் வந்து ஓய்ந்த பிறகு, காலபோகப் பயிர் வயலில் நிற்கும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மூச்சுவிட நேரம் கிடைக்கும். அதற்குள் முடித்தோம்.

வேலையும் லேசாகத்தான் போனது. 13இல் இருந்து நேரே 15க்குப் பாயாமல் 14இல் ஏறி இறங்கினோம். முதலில் தரவை பக்கப் (காப்புப் பிரதி) எடுத்து வாடகைச் சேர்வரில் ஒரு நகல், அதில் ஒத்திகை. அசலில் கைவைத்தது கடைசியில். கரண்ட் போகும் ஊரில், பழைய தரவைப் புதுப் பதிப்புக்கு மாற்றும் மைக்ரேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மெசின் அணைந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. 14இல் சம்பளப் பகுதியைத் தனிச் செயலியாகப் பிரித்துவிட்டதால் முதல் ஒத்திகையில் ஊழியர் சம்பளப் பக்கம் மாயமாகிவிட்டது. எச்ஆர்எம்எஸ் என்ற அந்தச் செயலியைப் போட்டதும் வந்தது. ஈரப்பதன், லொறி இலக்கம் என்று நாங்கள் திரையில் சேர்த்திருந்த கட்டங்கள் தரவுத்தளத்திலேயே இருப்பதால் ஒன்றும் அழியவில்லை. மூல நிரலுக்குள் நேரடியாகக் கைவைத்த ஆக்களுக்குத்தான் தலையிடி.

எதிர்பாராத சந்தோசம் ஒன்றையும் சொல்லவேண்டும். 2021 இரசாயன உரத்தடைக்குப் பிறகு வந்த காலபோகத்தையும் அதன் பின் வந்த போகங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எந்தப் பக்கத்து வயலில் இருந்து எவ்வளவு வந்தது, என்ன விலை போனது என்று முதலாளி ஒரே திரையில் பார்க்கிறார். பழைய ரசீதைக் கொண்டுவரும் ஐயாமாருக்கு நின்ற நிலையிலேயே பதில் சொல்லலாம். புதிதாகத் தொடங்கியிருந்தால் இதெல்லாம் பழைய மெசினுக்குள் கிடந்திருக்கும்.

இனி மூடைக்கு வருகிறேன்.

2021இல் இதைப் போட்டுத்தந்த ஆக்கள் நெல்லின் அடிப்படை அலகை 'மூடை' என்று வைத்து, ஒரு மூடை 66 கிலோ என்று எழுதிவிட்டுப் போனார்கள். வன்னியில் எந்த மூடை 66 கிலோ என்று சொல்லி வைத்தாற்போல் வருகிறது? சாக்குக்குச் சாக்கு வேறு. ஒரு பொருளில் கொடுக்கல் வாங்கல் நடந்துவிட்டால் அதன் அடிப்படை அலகை மாற்ற ஈஆர்பிநெக்ஸ்ட் விடாது; புதுப் பொருளாக உருவாக்கு என்று சொல்லும். கணக்கு முறைப்படி அது நியாயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய தரவைச் சுமந்து ஏறும்போது அந்த 66உம் கூடவே ஏறி வந்துவிட்டது.

அரசாங்கம் 2025 பெப்ரவரியில் 'நாடு' ரக நெல்லுக்கு 120 ரூபா அறிவித்தது கிலோவுக்கு, 14 வீத ஈரப்பதனுக்கு. தராசு காட்டுவதும் கிலோ. ஒருவர் 2,858 கிலோ கொண்டுவந்தால் 342,960 ரூபா. எங்கள் திரையில் அது 43.303 மூடை, மூடை 7,920 ரூபா, ஆகமொத்தம் 342,959.76. அந்த 24 சதத்தை ஆரிடம் கொடுப்பது? கிலோவில் பதிந்து உள்ளே மூடையாக மாறட்டும் என்று விட்டால், ஒரு கிலோ என்பது 0.01515 மூடை. தசமம் மூன்று தானத்தில் நின்றால் அது 0.015 ஆகி, அதே நெல் 42.87 மூடையாகச் சுருங்கிவிடும். 28 கிலோவுக்கு மேல் காற்றில். தானத்தை ஒன்பது வரை கூட்டலாம், கூட்டினோம். இப்போது இருப்பு அறிக்கை வால் முளைத்த எண்களாக நீண்டு கிடக்கிறது. இருப்பு எண்ணும் நாளில் .303 மூடையை எந்த அடுக்கில் தேடுவது?

இன்னொரு கூத்து. 'முழு எண்ணாக இருக்கவேண்டும்' என்று அலகுக்கு ஒரு தெரிவு இருக்கிறது. நெல்லுக்காக அதை எடுத்துவிட்டோம். வெற்றுச் சாக்கும் அதே மூடை அலகில்தான் இருந்தது. ஒருநாள் பெடியன் அரைச் சாக்கு விற்றிருக்கிறான், மெசினும் மறுக்காமல் பில் போட்டுக் கொடுத்திருக்கிறது.

கிலோ அலகில் புது நெல் பொருளைத் திறந்து இருப்பை மாற்றலாமே என்று தெரிந்தவர்கள் கேட்பீர்கள். மாற்றலாம். ஆனால் போகத்துக்குப் போகம் ஒப்பிடும் அறிக்கை அந்த நாளோடு இரண்டு துண்டாகிவிடும். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அறிக்கைக்காகத்தானே பழையதைச் சுமந்தோம் என்கிறார், அதற்கு மறுபேச்சு இல்லை.

ஆகவே கூட்டாளிக்கு என் பதில்: நீ புதுசாத் தொடங்கு. ஏப்ரல் 1 உனக்குத் தோதான நாள், வெட்டுக் காலம் உன்ர கடைக்கு ஒரு பொருட்டில்லை. அதுக்கு முதல் பொருள் பட்டியலை அச்சடிச்சு, ஒவ்வொரு பொருளுக்கும் நேரே அதை நிறுக்கிறியா, எண்ணுறியா, அளக்கிறியா எண்டு உன்ர கையால எழுது. கம்பி கிலோவிலயோ துண்டிலயோ, பெயின்ட் லீற்றரிலயோ வாளியிலயோ, எல்லாம். எழுதி முடியாமல் ஒரு பில்லும் போடவிடாதை.

இதைச் சொன்னதும் அவன், "எனக்கு சீமெந்து மூடை எப்பவும் 50 கிலோதானே, எனக்கென்ன பிரச்சினை? உன்ர கதையைப் பாத்தால் ஏத்துறதுதான் லாபம் போல கிடக்கு" என்றான். நியாயமான கேள்விதான். எண்டாலும் புதுசாவே தொடங்கு.