லேசர் பேனாவைக் காட்டி என் தலையில் கட்டிய கண்ணாடி

கும்பகோணத்தில் பாத்திரக்கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறவன் நான். வயது 47. மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கினால் நாளுக்குப் பத்து மணி நேரம் மானிட்டர் முன்னால்தான். தூரப்பார்வைக்குக் குறையில்லை. வெள்ளெழுத்து வந்து நாலு வருஷமாகிறது. பழைய ரீடிங் கண்ணாடியில் பில் தெரியும், திரை கலங்கும். அதைச் சொல்லித்தான் ஊரில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

கடைத் தம்பி பவர் பார்த்த கையோடு ஒரு லேசர் பேனாவை எடுத்தார். சாதா லென்ஸ் வழியே அடித்தால் அட்டையில் ஊதாப் புள்ளி. நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கிற 'ப்ளூ கட்' லென்ஸ் வழியே அடித்தால் புள்ளியே காணோம். "நாள் பூரா கம்ப்யூட்டர்ல இருக்கீங்க, இது இல்லாம கண்ணு என்னத்துக்கு ஆகும் சார்?" புராக்ரசிவ் (மேலே தூரத்துக்கு, நடுவில் திரைக்கு, கீழே படிக்க என்று ஒரே லென்ஸில் பவர் மாறிக்கொண்டே போவது), ப்ளூ கட் எல்லாம் சேர்த்து 8,600 ரூபாய். தலையாட்டிவிட்டேன்.

மாட்டிய நாளிலிருந்து தாடையைத் தூக்கினால்தான் திரை தெரிந்தது. "உத்தரத்துல என்ன, பல்லியா பாக்குறீங்க?" என்று வீட்டில் ஒரே சிரிப்பு. பிடரிவலி வேறு. மகாமகக் குளத்துப் படியில் ஒருநாள் கால் தப்பியது. மூன்று தடவை கடைக்குப் போனேன். மூன்று தடவையும் "பழகிடும் சார்".

கடைசியில் தஞ்சாவூரில் ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைச் சோதித்துப் பவர் குறிப்பவர்) அம்மாவிடம் போனேன். முதல் கேள்வியே, "திரை எவ்வளவு தூரத்துல இருக்கு?" லென்ஸ் மேல் வாயால் ஊதினார். அந்த ஆவியில் பொடிசாக இரண்டு வட்டம் தெரிந்தது. புராக்ரசிவ் லென்ஸில் 34 மி.மீ. இடைவெளியில் அப்படிப் பொறித்திருப்பார்களாம். அதை வைத்து மார்க்கரால் கூட்டல் குறி போட்டு, என்னை மாட்டச் சொல்லி, போனில் படம் எடுத்துக் காட்டினார். கண்மணிக்கு நேரே நிற்க வேண்டிய குறி, இரண்டு கண்ணிலும் 5 மி.மீ. கீழே. திரைக்கான பகுதியும் அதோடு கீழே இறங்கிவிட்டது, அதனால்தான் தாடையைத் தூக்க வேண்டியிருந்தது. "ஃபிரேமைப் போடச் சொல்லி உயரம் குறிச்சாங்களா?" என்றார். எங்கே! கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக்கூட யாரும் அளக்கவில்லை.

லேசர் வித்தையும் அங்கேதான் விளங்கியது. அந்தப் பேனாவின் ஒளி 405 நானோமீட்டர் ஊதா. திரையின் நீலம் 450 பக்கம், அதில் பெரும்பங்கை லென்ஸ் தடுக்காமல் உள்ளே விட்டுவிடுகிறது. நீலத் திரைக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள், நீலம் நீலமாகவே இருக்கும். ப்ளூ கட்டால் கண் அயர்ச்சி குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் 2023இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. என் கண் எரிந்தது இமை கொட்ட மறந்ததால். முகத்துக்கு நேரே ஃபேன் வேறு.

என் மேசையில் திரை 26 அங்குலம் தள்ளி இருக்கிறது. அதற்கு +1.50, ஒரே பவர் லென்ஸ், சாதா ஃபிரேமோடு 1,100 ரூபாய். கழுத்து நேரானது. தெருவில் போட்டுக்கொண்டு நடந்தால் தூரம் மங்கும், அதனால் மேசையிலேயே கழற்றி வைத்துவிடுகிறேன்.

புராக்ரசிவே மோசம் என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் ஃபிரேமை முகத்தில் வைத்துக் குறி போடச் சொல்லுங்கள், லென்ஸ் வந்த உறையையும் கேட்டு வாங்குங்கள். என் பில்லில் "கண்ணாடி 1" என்று மட்டும் இருக்கிறது. லென்ஸ் பெயர் இல்லை, பவர் இல்லை, ஜிஎஸ்டி நம்பரும் இல்லை. ஊர் பில்லையெல்லாம் சரிபார்க்கிற நான் அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.