தண்ணீரிலா, கிண்ணத்திலா? அவகாடோ டோஸ்ட்டுக்கு முட்டை அவிக்கும் வழிகள்

அவகாடோவை யாரும் மசிக்கலாம், பாணை யாரும் வாட்டலாம். அவகாடோ டோஸ்ட்டில் கை தடுமாறுகிற இடம் மேலே வைக்கிற முட்டைதான். ஓட்டை உடைத்துவிட்டு அவிக்க வேண்டும். வெள்ளை இறுகியிருக்க வேண்டும், மஞ்சள் ஓட வேண்டும். இதற்கு வீட்டில் நடைமுறைக்கு வருகிற வழிகள் இரண்டு. ஒன்று, கொதி அடங்கிய வெந்நீரில் நேரே விடுவது. மற்றது, எண்ணெய் பூசிய சின்னச் சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, இடியப்பம் அவிக்கிற பானையில் ஆவியில் வைப்பது. இரண்டையும் மாறி மாறிச் செய்து பார்த்து, நான் நேரே தண்ணீரில் விடுகிற கட்சிக்கு வந்துவிட்டேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் முட்டையை ஊற்றி, முடிச்சுப் போட்டு, வெந்நீரில் தொங்கவிடுவார்கள். பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. சுடுதண்ணிக்குள் பிளாஸ்டிக்கைப் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

முட்டைக்குப் போகமுன் மற்றச் சாமான்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இந்தச் சாப்பாடு கஃபேக்களில் பரவியதற்குச் சிட்னியில் 1993இல் பில் கிரேஞ்சர் திறந்த கடையைத்தான் பெரும்பாலும் கைகாட்டுகிறார்கள். எங்கள் அடுப்படிக்குள் அது வந்ததும் அவுஸ்திரேலியாவில் இருந்து லீவுக்கு வருகிற பிள்ளைகளால்தான். அவகாடோ இங்கே வீட்டு வளவில் காய்க்கிற சாமான் இல்லை. வன்னி வெயிலுக்கும் வறட்சிக்கும் அந்த மரம் இலகுவில் நின்றுபிடிக்காது. மாங்குளம் சந்தியில் வாங்குகிற பழம், மலைநாட்டுப் பக்கம் இருந்து, கண்டியில் தொடங்குகிற அதே ஏ9 வீதியால் லொறியில் வந்தது. கல்லுப்போலத்தான் வரும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. அவகாடோ மரத்தில் இருக்கும்வரை பழுக்காது, பிடுங்கிய பிறகுதான் பழுக்கும். வாழைப்பழத்தோடு கடதாசிப் பையில் சுற்றி வைத்தால் கெதியாகக் கனியும். போலக் மாதிரிப் பெரிய இனங்களில் தண்ணீர்த்தன்மை கூட, எண்ணெய் குறைவு. சீனியும் பாலும் விட்டு அடித்துக் குடிக்க அது காணும். பாணில் பூச, சின்னதாகச் சதை மஞ்சளோடியது நல்லது. தேசிக்காய்ப் புளி, ஆனையிறவு உப்பு, இடித்த செத்தல் மிளகாய் போதும். பாணை விரல் தடிப்பில் வெட்டித் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் நன்றாக முறுக விடுங்கள். மெல்லிசாக வெட்டிய சான்ட்விச் பாண் இந்தப் பாரத்தைத் தாங்காது.

சரி, முட்டை.

நேரே தண்ணீரில் விடுவது பற்றி எங்கே கேட்டாலும் கைப்பழக்கம் என்பார்கள். தண்ணீரைக் கரண்டியால் சுழற்றி நடுவில் விடு, வினாகிரி விடு, உப்புப் போடாதே என்று ஆளுக்கொரு சூத்திரம். என் அபிப்பிராயத்தில் இவை எல்லாமே பழைய முட்டைக்கான வைத்தியம். முட்டை புதிதென்றால் இவற்றில் ஒன்றும் தேவையில்லை. முட்டை பழசென்றால் இவை எல்லாவற்றையும் செய்தாலும் அரைகுறைதான்.

காரணம் வெள்ளைக்கருவுக்குள் இருக்கிறது. ஒரு முட்டையைத் தட்டையான கோப்பையில் உடைத்துப் பாருங்கள். மஞ்சளைச் சுற்றி மேடாகக் கட்டியாக நிற்பது ஒரு வெள்ளை, அதற்கு வெளியே தண்ணீராக ஓடுவது இன்னொரு வெள்ளை. வெந்நீரில் விழுந்ததும் மஞ்சளை அணைத்துக்கொண்டு உருண்டையாக நிற்பது அந்தக் கட்டி வெள்ளைதான். தண்ணி வெள்ளை பிரிந்து, நூல் நூலாகச் சட்டி முழுக்கப் பரவும். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இட்ட நாளில் இருந்து அவற்றினூடாகக் காபனீரொட்சைட்டு வெளியேறிக்கொண்டே இருக்கும். அது போகப் போக வெள்ளைக்கருவின் காரத்தன்மை ஏறும். அதை அளக்கிற பிஎச் எண் இட்டவுடன் 7.6 அளவில் இருப்பது, பிறகு 9ஐத் தாண்டிவிடும். அப்போது கட்டி வெள்ளையைப் பிடித்து வைத்திருக்கிற புரதக் கட்டு தளர்ந்து, அதுவும் தண்ணீராகிறது. குளிரில் இது மெல்ல நடக்கும், சூட்டில் வேகமாக நடக்கும்.

வன்னியில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். எங்கள் கடைகளில் இருக்கிற பண்ணை முட்டையில் பெரும்பகுதி தெற்கே இருந்து வருகிறது. பண்ணையில் இருந்து மொத்த வியாபாரிக்கு, அங்கிருந்து லொறிக்கு, பிறகு கடை வாசலில் அட்டைத் தட்டுக்கு. வழியில் எங்கும் குளிர்ப்பெட்டி இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்த முட்டைக்கு வயது நாட்காட்டிப்படி ஏறாது. வாங்கி வந்து பிரிட்ஜில் வைப்பதால் போன கட்டித்தன்மை திரும்பியும் வராது. கொழும்பில் இருந்து வீடியோ போடுகிறவர் சுப்பர்மார்க்கெட் முட்டையை அழகாகச் சுழற்றி எடுத்துக் காட்டுவார். அதைப் பார்த்து இங்கே செய்கிறவர் தன் கையை நொந்துகொள்வார். குறை கையில் இல்லை.

ஆகவே நிபந்தனை இதுதான். தண்ணீரில் விடுவதானால் ஊர்க்கோழி முட்டை. அதுவும் அன்றைக்கோ முதல் நாளோ இட்டது. கூட்டுக்குள் கைவிட்டு எடுத்த முட்டையை உடைத்தால் வெள்ளை சற்றுக் கலங்கலாக இருக்கும். அந்தக் கலங்கல் காபனீரொட்சைட்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளம். அதற்குச் சுழற்றலும் வேண்டாம், வினாகிரியும் வேண்டாம். அகலமான சட்டியில் நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் கொதிக்க வைத்து, விறகை வெளியே இழுத்து, கொப்புளம் அடங்கியதும் சின்னக் கோப்பையில் உடைத்த முட்டையைத் தண்ணீர் மட்டத்தோடு சரித்து விடுங்கள். வெள்ளைக்கரு 60 பாகை செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். மஞ்சள் 65 அளவில் தடித்து, 70இல் கட்டியாகும். தண்ணீர் 80, 85இல் நின்றால் வெள்ளை அவியவும் மஞ்சள் தப்பவும் இடைவெளி கிடைக்கும். குதித்துக் கொதிக்கிற தண்ணீர் முட்டையைக் கிழித்துவிடும். ஊர்க்கோழி முட்டை சின்னது, இரண்டரை மூன்று நிமிடம் போதும். துளைக்கரண்டியால் எடுத்து, மடித்த துணியில் ஒற்றிவிட்டுத்தான் பாணில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முறுக வாட்டிய பாண் நொதுக்கென்று போய்விடும்.

முட்டை சின்னது என்பதால் ஒரு துண்டுப் பாணுக்கு இரண்டு வேண்டும். அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. வெள்ளைக்கு மஞ்சளின் பங்கு கூட, அந்த மஞ்சள்தான் அவகாடோவுக்குச் சோஸ்.

கடை முட்டையையும் தண்ணீரில் விட ஒரு உத்தி இருக்கிறது. துளைக்கரண்டியில் அல்லது வடிதட்டில் முட்டையை ஊற்றி, தண்ணி வெள்ளையை வடியவிட்டு, மிஞ்சியதை அவிக்கலாம். வேலை செய்யும். ஆனால் வெயிலில் கிடந்த முட்டையில் நல்ல பங்கு கீழே போய்விடும். 2023இல் முட்டைத் தட்டுப்பாட்டுக்காக இந்தியாவில் இருந்து இறக்குமதி செய்த காலத்தை மறக்காதவர்களுக்கு அது பொறுக்காது. எனக்கும் பொறுக்கவில்லை.

ஊர்க்கோழி முட்டையிலும் கண்டம் உண்டு. வளவில் திரிகிற கோழி எல்லா நாளும் கூட்டில் இடாது. பற்றைக்குள், விறகுக் குவியலுக்குப் பின்னால் இட்டு வைக்கும். கீரியும் உடும்பும் காணாமல் விட்ட முட்டைக் குவியலை நீங்கள் கண்டெடுத்தால், அதில் எது இன்றைக்கு இட்டது, எது போன கிழமை இட்டது என்று கோழிக்குத்தான் தெரியும். சேவல் சேர்ந்த முட்டையென்றால் இங்கத்தை வெக்கைக்கு உள்ளே கரு பிடிக்கத் தொடங்கியும் இருக்கலாம். தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக் கிடந்தால் புதிது. ஒரு பக்கம் நிமிர்ந்தால் நாளாகிவிட்டது, குழம்புக்கு வையுங்கள். மிதந்தால் எறியுங்கள். அதோடு, எந்த முட்டையையும் தனிக் கோப்பையில் உடைத்துப் பார்க்காமல் சட்டிக்குள் விடாதீர்கள். ஒரு கூழ்முட்டை போதும், காலைச் சாப்பாடு முழுவதும் நாசம். கழுவுவதானால் உடைக்கிற நேரத்தில் கழுவுங்கள். முன்கூட்டிக் கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படை போய்விடும்.

கிண்ணத்துக்கு வருவோம். அதன் பெரிய பலம், முட்டையின் வயதை அது கேட்பதில்லை. தண்ணி வெள்ளை ஓட இடமில்லாததால் கிண்ணத்தின் வடிவத்துக்கே இறுகும். வட்டமாக, அடி தட்டையாக வரும், பாணில் ஆடாமல் உட்காரும், தண்ணீர் ஒற்றுகிற வேலையும் குறைவு. இட்டலித் தட்டில் நேரே ஊற்றலாமே என்று தோன்றும். ஆனால் பல தட்டுகளில் குழிக்குள் ஆவி ஏறத் துளை இருக்கும், முட்டை ஒழுகிவிடும். ஆகவே கிண்ணமே நல்லது. உள்ளே நல்லெண்ணெயோ பட்டரோ பூச மறக்காதீர்கள். கடைசியில் கிண்ணம் கழுவுகிற ஆள் நீங்களாக இருந்தால் இதன் அருமை தெரியும்.

பலவீனம் பதத்தில் இருக்கிறது. ஆவி 100 பாகை. கிண்ணத்தின் சுவரோடு ஒட்டிய வெள்ளை முதலில் இறுகி றப்பர் மாதிரி ஆகும், நடுவில் மேற்பக்கம் அப்போதும் வழுவழுவென்று இருக்கும். மேலே இறுகட்டும் என்று காத்திருந்தால் மஞ்சள் கட்டியாகிவிடும். மூடியில் சேர்கிற ஆவித்தண்ணி முட்டையில் சொட்டாமல் இருக்க மூடிக்குத் துணி கட்ட வேண்டும். எனக்கு ஐந்து நிமிடத்துக்குப் பக்கத்தில் சரிவருகிறது, ஆனால் கிண்ணத்தின் தடிப்பையும் பானையின் மூடியையும் பொறுத்து உங்கள் அடுப்பில் இது மாறும். தண்ணீரில் விட்ட முட்டையை விரலால் தொட்டுப் பதம் பார்க்கலாம். மூடிய பானைக்குள் அது முடியாது.

ஆள் கூடினால் கணக்கு மாறும். தண்ணீரில் ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் எனக்கு நிதானமாக வரும். பானைக்குள் ஐந்தாறு கிண்ணத்தை ஒன்றாக அடுக்கலாம். எரிபொருள் பற்றியும் சிலர் கேட்பார்கள். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற பிறகு அது நியாயமான கேள்வி. இரண்டு பேருக்குச் செய்கிறபோது தண்ணீரில் விடுவது சிக்கனம், தணலே போதும். ஆறு பேருக்கென்றால் ஆவிப் பானை சிக்கனம். பெரிய வித்தியாசம் இல்லை, இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஓடுகிற மஞ்சள் எல்லாருக்கும் ஒத்துவராது. மாமி முதல் தரம் பார்த்துவிட்டு, "தம்பி, உது அவியேல்லை, இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்றார்.

"இல்லை மாமி, இதுதான் பதம்."

"பதமோ? பாண் முழுக்க மஞ்சள் ஓடுது. எனக்கு வேண்டாம், பிள்ளைத்தாச்சிக்கும் குடுக்காதேங்கோ."

இரண்டாவதில் அவர் சொன்னது முழுக்கச் சரி. அரைகுறையாக அவிந்த முட்டையில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் மஞ்சள் கட்டியாகும்வரை அவித்தே கொடுக்க வேண்டும். முட்டை புதிதென்பதால் அந்தப் பயம் போய்விடாது. முழுக்க அவிப்பதென்றால் கிண்ணம்தான் சுகம். மறந்துபோய் இரண்டு நிமிடம் கூட விட்டாலும் உடைந்து சிதறாது. மாமிக்கு இப்போது கிண்ணத்தில்தான் செய்கிறேன். மிளகு கூடப் போட்டு, அவகாடோவை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாப்பிடுகிறார்.

தண்ணீர் முறைக்கு எதிராக நான் ஒப்புக்கொள்கிற பெரிய குறை, புது முட்டை எல்லா நாளும் கிடைக்காது என்பதுதான். ஊர்க்கோழி தொடர்ந்து இடுகிற சாதி இல்லை. ஒரு அடைக்குத் தேவையானதை இட்டு முடித்ததும் அடை கிடக்கும். குஞ்சு பொரிக்க 21 நாள், பிறகு குஞ்சுகளோடு திரிகிற காலம் வேறு. நாலைந்து கோழி இருந்து, அவை ஒன்றாக அடைக்கு உட்காராவிட்டால் சமாளிக்கலாம். அயல் வீட்டில் வாங்கலாம், ஆனால் விற்கிறவர்கள் முட்டையைச் சேர்த்து வைத்துத்தான் விற்பார்கள். இட்ட நாளைக் கேட்டு வாங்குங்கள், கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவும் இல்லாத நாட்களில் கடை முட்டையும் கிண்ணமும்தான். அந்த முட்டை பெரிதாக இருப்பதால் துண்டுக்கு ஒன்று காணும்.