டேப்பெட் சத்தமும் என் பழைய புல்லட்டும்

என்னிடம் இருப்பது 1994 மாடல் புல்லட் 350, பழைய வார்ப்பிரும்பு எஞ்சின். 2009இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரி. கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாகப் போய்வர தினமும் 45 கிலோமீட்டர் ஓடும். பெட்ரோல் விலை குறைவான புதுச்சேரியில்தான் போடுவேன் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கிளட்ச், கார்புரேட்டர் எல்லாம் பெரிதாகத் தொல்லை தரவில்லை. படுத்தி எடுத்தது டேப்பெட்தான், அதாவது எஞ்சின் வால்வைத் தள்ளித் திறக்கும் அமைப்பில் இடைவெளியைச் சரிசெய்யும் இடம்.

வாங்கிய புதிதில் டக் டக்கென்று ஒரு சத்தம். ஒரு பட்டறையில் காட்டினேன். "டேப்பெட் லூஸ் சார்" என்று, ஓட்டி வந்த சூட்டோடு கவரைத் திறந்து அரை மணியில் முடித்துவிட்டார்கள். வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது. எனக்கு ஏக சந்தோஷம். கொஞ்ச நாளில் காலையில் உதைத்தால் கிக்கரில் கம்ப்ரஷனே இல்லை, காலுக்குத் தடையே தெரியவில்லை; சைலன்சரில் பட் பட்டென்று வெடி. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினால், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் கருகி, எலி கொறித்த மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். இந்த எஞ்சின் சூடானால் சிலிண்டரும் ஹெட்டும் வளரும், டேப்பெட்டிலிருந்து மேலே போய் வால்வைத் திறக்கவைக்கும் கம்பியான புஷ் ராடு அந்த அளவுக்கு வளராது. அதனால் சூட்டில் இடைவெளி கூடித் தெரியும். அப்போது சத்தம் போக இறுக்கினால், ஆறியதும் வால்வு, மூடும்போது உட்கார வேண்டிய வளையமான சீட்டில் முழுதாக உட்காராது. உட்கார்ந்தால்தான் அதன் சூடு சீட்டுக்கு இறங்கும். உட்காராத வால்வு கருகத்தான் செய்யும்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்து, கரண்ட் இல்லாமல் ஊரே கிடந்த நாட்களில் இதைக் கற்றுக்கொண்டேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெரியவர் கடையைத் திறந்து வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஸ்பேனருக்குக் கரண்ட் எதற்கு? "சூட்டுல தொடாத தம்பி. ராத்திரி பூரா ஆறட்டும், காலையில வா" என்றார்.

இப்போதும் அதே முறைதான். ஞாயிறு காலை, வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுவேன். பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். வலப்பக்க டேப்பெட் கவரைத் திறந்தால் இரண்டு புஷ் ராடும் தெரியும். இதற்கு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வேண்டாம், இடைவெளி பூஜ்யம். விளக்குத் திரி திரிப்பதுபோல ராடை இரண்டு விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் ராடு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கஷ்டம், சரிசெய்ததை நகராமல் பிடிக்கும் லாக் நட்டில். விரலுக்குச் சரியாக வந்திருக்கும்; நட்டை இறுக்கியதும் ராடு சுற்றாது. மறுபடி முதலில் இருந்து. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு மூன்று நான்கு தடவை ஆகிறது. முடிந்ததும் பின் சக்கரத்தைச் சுற்றி, மறுபடி இரண்டு வால்வும் மூடிய இடத்துக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை பார்ப்பேன். உதைப்பதற்கு முன் கம்ப்ரஷனை விடுவிக்கும் டிகம்ப்ரஸரின் கேபிளிலும் கொஞ்சம் தளர்வு வேண்டும். அது இழுத்தபடி இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு மூடாது, நாம் டேப்பெட்டைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இந்தப் பூஜ்யக் கணக்கை வேறு எஞ்சினுக்குக் கொண்டுபோகாதீர்கள். மச்சானின் 2012 ராயல் என்ஃபீல்டு கிளாசிக்கில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட், அவன் எதையும் திறந்ததே இல்லை. எனக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பாதி நாள் கை வைக்கவே வேண்டியிருக்காது. லேசான டிக் டிக் இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். அந்த எக்ஸாஸ்ட் வால்வை மாற்றிய பிறகு இன்றுவரை ஹெட்டைக் கழற்றவில்லை.

போன வாரமும் இரண்டு ராடும் நன்றாகச் சுற்றின. கவர் பேக்கிங்தான் ஓரத்தில் கிழிந்து ஆயில் கசிகிறது. புதிது வாங்கி வைத்திருக்கிறேன், எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.