சிவப்பு ஏர் பிளான்ட் வாங்கி 2,400 போச்சு, நீங்களாவது பார்த்து வாங்குங்க

இன்னைக்குக் காலைலதான் ஆறாவது செடியையும் குப்பைல போட்டேன். அழுகின வாடை இன்னும் கைய விட்டுப் போகல. அதே விளம்பரம் இப்பவும் ஓடிக்கிட்டிருக்கு, அதான் ஆறப்போடாம உடனே எழுதுறேன்.

அலங்காரச் செடி விக்கிற ஒரு ஆன்லைன் கடை. கண்ணாடி உருண்டைக்குள்ள, சின்ன மரத்துண்டு மேல, தீ மாதிரி சிவந்த ஏர் பிளான்ட். ஆறும் சேர்த்து 2,400. மண்ணும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம், காத்தைக் குடிச்சே வாழும்னு போட்டிருந்தாங்க. எனக்குச் சந்தேகம் வராம இல்ல. ஏர் பிளான்ட்ல அயோனந்தாங்கிற வகை பூக்கிற சமயத்துல நடு இலை சிவக்கும்னு தெரியும். இது அடியிலிருந்து நுனிவரை ஒரே சிவப்பா இருக்கேன்னு கேட்டேன். "ஆறுமே பூக்கப்போகுதுங்க, அதான் இந்த நிறம். என் வீட்லயே இருபது வச்சிருக்கேன்"னு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. பின்னாடி ஒரு குழந்தை சிரிக்கிற சத்தம். வீட்ல வச்சு வளர்க்கிறவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு அந்தச் சத்தத்துலயே நம்பிட்டேன். 2,400-ம் முன்பணமா அனுப்பினேன்.

பத்தே நாள்ல இலையெல்லாம் உள்பக்கமா சுருண்டுச்சு. தாகம்னா அப்படித்தான் சுருளும். கிண்ணத்துத் தண்ணில அரை மணி நேரம் ஊறவைக்கலாம்னு தூக்கினா, மரத்துண்டும் கூடவே வருது. அடி முழுக்க ஹாட் க்ளூ, உருக்கி ஒட்டுற பசை. அப்படியே முக்கி வச்சேன். கொஞ்ச நேரத்துல தண்ணி ரோஸ் கலராயிடுச்சு. நகத்தால சுரண்டினா சிவப்பு பொருக்குப் பொருக்கா உரியுது, அடியில வெளிறிப்போன பச்சை. பெயின்ட்! உயிருள்ள செடி மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க.

இது அன்னாசிக் குடும்பத்துச் செடி. மரக்கிளைல ஒட்டி மழையிலயும் பனியிலயும் நனைஞ்சு வாழ்றது. வேர் பிடிமானத்துக்கு மட்டும்தான். தண்ணியை உறிஞ்சுறது இலை மேல இருக்கிற பொடிப் பொடி வெள்ளிச் செதில்கள். அதுமேல பெயின்ட் அடிச்சா செடியோட வாயைப் பொத்தின மாதிரி. ராத்திரிலதான் இலைத் துளையைத் திறந்து காத்தை எடுக்கும், இலை ஈரமா இருந்தா அதுக்கு வழி அடைபடும், அதனால ஈரத்தோட ராத்திரியைக் கழிக்க விடக்கூடாது. க்ளூ ஈரத்தை அடியிலயே தேக்கிடுச்சு, உருண்டைக்குள்ள காத்தோட்டமும் இல்ல. அடி கறுத்து, நடு இலையைத் தொட்டதுமே கொழகொழன்னு கையோட வந்துடுச்சு.

படம் எடுத்து அனுப்பினேன். முதல்ல "புது இடம், பழக நாளாகும்". அடுத்த தடவை "தண்ணி காட்டியிருக்கக் கூடாது". மூணாவது தடவை "தண்ணியே காட்டாம விட்டீங்களா?". பெயின்ட்டைப் பத்திக் கேட்டதும் "பூத்தா செத்துடும், அது இயற்கைங்க". பூத்த செடி சாகும், உண்மைதான். ஆனா அது உடனே சாகாது, பக்கத்துல குட்டி விட்டு, மாசக்கணக்குல மெதுவாத்தான் காயும். என்னோடது பூக்கவே இல்லையே! 2,400-ல பாதியாவது குடுங்கன்னு கேட்டேன். என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. விற்பனைத் தளத்துல புகார் குடுத்தா, உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். நான் குடுத்த 2,400-க்கு மிச்சம் ஆறு காலி உருண்டை.

எப்படி வளர்க்கிறதுன்னு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப மனசு ஓடல. முக்கியமானதை மட்டும் சொல்லிடுறேன். வாரம் ஒரு தடவை காலைல ஊறவச்சு, தலைகீழா உதறி, நாலு மணி நேரத்துக்குள்ள காயவைங்க. ஜன்னல் ஓரத்து வெளிச்சம் வேணும், சுள்ளுன்னு அடிக்கிற வெயில் வேண்டாம். செம்புக் கம்பியால கட்டாதீங்க, செம்பு இதுக்கு விஷம். மூடின கண்ணாடிக்குள்ள வைக்காதீங்க. ஒட்டி விக்கிறதையும், அடியிலிருந்து நுனிவரை ஒரே கலர்ல இருக்கிறதையும் தொடாதீங்க. காசு அனுப்புறதுக்கு முன்னாடி செடியைக் கவுத்து அடிப்பாகத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. சாக்குச் சொன்னா அங்கயே விட்டுடுங்க.