மூன்று மீட்டர் மலைப்பாம்பு

போன வாரம் என் பிஎஸ்5 கேம் கன்சோல் ரிப்பேரில் இருந்து திரும்பி வந்தது. பழுது பார்த்தவர் லென்ஸுக்குக் கீழே அதன் சர்க்யூட் போர்டை வைத்துக் காட்டினார். டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுபோகும் கேபிளைச் சொருகுகிற எச்டிஎம்ஐ போர்ட்டின் பின்கள் இருக்கும் வரிசையில் ஒரு ஓரம் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. பற்றவைப்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

"சார், இது கீழே விழுந்துச்சா?"

விழவே இல்லை. வாங்கிய நாளில் இருந்து ஒரே அலமாரியில்தான் இருக்கிறது. விழாத பொருளுக்கு விழுந்த அடி எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, கேபிளை மறுபடி சொருகும்போதுதான் உறைத்தது. சொருகிவிட்டுக் கையை எடுத்தால், கேபிள் தானாக ஒரு பக்கம் திரும்புகிறது. கன்சோலையும் சேர்த்து ஒரு விரல்கடை நகர்த்துகிறது.

அன்று ராத்திரியே நண்பனிடம் இருந்து கேள்வி: "டேய், டிவியை சுவத்துல மாட்டப் போறேன். நீ வச்சிருக்க கேபிளையே வாங்கிடவா?" அவனுக்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கெட்ட வார்த்தையில்தான் சொல்லியிருப்பேன். இப்போது கொஞ்சம் ஆறிவிட்டது.

இந்தக் கேபிளிடம் நான் போய்ச் சேர்ந்த கதை இது. டிவியைச் சுவரில் ஏற்றியதும், கன்சோலோடு பெட்டியில் வந்த கேபிள் எட்டவில்லை. சரி, பழைய பிஎஸ்4 ப்ரோவின் நீளமான கேபிள் சும்மாதானே கிடக்கிறது என்று அதைப் போட்டேன். 4கே தெளிவில், விநாடிக்கு 60 படம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் வரை ஒரு குறையும் இல்லை. 120-க்கு மாற்றினேன், முடிந்தது. இருட்டான காட்சிகளில் வெள்ளைப் புள்ளிகள் உப்பைத் தூவியது போல மின்னும், அப்புறம் திரை இரண்டு விநாடி கறுத்துவிட்டுத் திரும்ப வரும். அந்த இரண்டு விநாடியில்தான் எதிரி வந்து சுடுவான். காரணம் எளிது. அந்தக் கேபிள் விநாடிக்கு 18 ஜிகாபிட் தரவு தாங்கும், பிஎஸ்5 அனுப்புவது 32 வரை போகும். கன்சோல் செட்டிங்ஸில் தரவு வேகத்தைக் குறைத்தால் கறுப்பது நிற்கும், நிறத் தகவலில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கா இந்த டிவியை வாங்கினோம் என்று மனம் கேட்கவில்லை.

அடுத்து வாங்கியது ஐந்து மீட்டர். அட்டையில் '8கே' என்றும், எச்டிஎம்ஐயின் பதிப்பு எண்ணான '2.1' என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முனைக்குத் தங்க முலாம், மேலே நூல் பின்னல், பார்க்க நகை மாதிரி. அதே கறுப்பு, அதே இரண்டு விநாடி. தங்க முலாம் துருவைத் தடுக்கும், படத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் காலத்தில் கேபிளை மாற்றினால் படம் மாறும். பிஎஸ்2-வை மஞ்சள் வயரில் இருந்து, படத்தை மூன்று வயராகப் பிரித்து அனுப்பும் காம்போனென்ட்டுக்கு மாற்றியபோது எழுத்துகளின் விளிம்பு பளிச்சென்று துலங்கியதை நானே பார்த்திருக்கிறேன். எச்டிஎம்ஐயில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தரவு முழுசாக வந்து சேர்ந்தால் எல்லாக் கேபிளிலும் ஒரே படம்தான், சேராவிட்டால் புள்ளியும் கறுப்பும்.

மூன்றாவதாக வந்ததுதான் இவர். மூன்று மீட்டர். பெட்டியில் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' சான்று ஸ்டிக்கர், அதில் இருக்கும் கியூஆர் கோடை அதற்கான ஆப்பில் ஸ்கேன் செய்து பார்த்து வாங்கினேன். 48 ஜிகாபிட்டுக்குச் சோதித்தது. (இதைப் போட்ட முதல் நாளும் 120 வரவில்லை. கேபிளைத் திட்டித் தீர்த்த பிறகு பார்த்தால், டிவியில் அதைத் தாங்கும் போர்ட்டே இரண்டுதான். நான் சொருகியது மூன்றாவதில்.) அதற்கப்புறம் போர்ட் போகும் வரை இரண்டு வருடம். ஒரு கறுப்பு இல்லை, ஒரு புள்ளி இல்லை. கேபிள் என்ற ஒன்று இருப்பதையே படம் மறக்கடித்துவிட்டது.

ஆனால் உடம்பு! சுண்டுவிரல் தடிமன். சுற்றி வைத்தால் சுருள் பிரிந்து எழும்பும், நேராக்கினால் பழைய வளைவுக்கே திரும்பும். உள்ளே கம்பியும் கவசமும் அப்படி, வேகம் வேண்டும் என்றால் தடிமனைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், நியாயம். ஆனால் எச்டிஎம்ஐ முனைக்கு அந்தக் கால விஜிஏ மாதிரி திருகு கிடையாது, கொக்கி கிடையாது. உரசலில்தான் நிற்கிறது. அதன் பின்னால் தொங்கும் மொத்தக் கனமும் பத்தொன்பது சின்னப் பின்கள் இருக்கும் அந்தத் தகரக் கூட்டின் தலையில். இதை எந்த அட்டையிலும் எழுதுவதில்லை. எத்தனை ஜிகாபிட் என்று சொல்கிறவர்கள் எவ்வளவு விறைப்பு என்று சொல்வார்களா?

டிவி பக்கம் இன்னும் மோசம். சுவருக்கும் டிவிக்கும் நடுவே கை நுழைவதே பெரும்பாடு, இவர் எங்கே வளைவார்? எல் வடிவ அடாப்டர் வாங்கினேன். அதில் மேலே திரும்புவது, கீழே திரும்புவது என்று இரண்டு வகை உண்டு என்பது தெரியாமல், கேபிள் வானத்தைப் பார்க்கும் வகையை வாங்கினேன். மாற்றி வாங்கிப் போட்டால், நடுவில் ஒரு இணைப்பு கூடியதாலோ என்னவோ, அந்த இரண்டு விநாடிக் கறுப்பு எட்டிப் பார்த்தது. கழற்றி எறிந்தேன்.

அத்தை மகன், தரவை ஒளியாக இழையில் அனுப்பும் ஆப்டிகல் கேபிள் வைத்திருக்கிறான். பத்து மீட்டர், ஷூ லேஸ் மாதிரி துவள்கிறது, பொறாமையாக இருந்தது. ஆனால் அதற்குத் திசை உண்டு. கன்சோல் முனையை டிவியில் சொருகிவிட்டு டிவி செத்துவிட்டது என்று அரை நாள் அலறினான். மடக்கி நசுக்கினால் உள்ளே இழை உடைந்துவிடும் என்ற பயம் வேறு.

ஆகவே நண்பா, கேட்டதற்குப் பதில்: வாங்காதே. இவ்வளவு சொன்னேனே, இரண்டு வருடம் இந்தக் கேபிளால் ஒரு தடவை கூடக் கறுக்கவில்லை என்று? அதெல்லாம் உண்மை, இருந்தும் வாங்காதே. அலமாரியை டிவிக்குக் கீழே நகர்த்தி, பெட்டியில் வந்த கேபிளையே போடு.

நான் இன்னும் நகர்த்தவில்லை. கேபிளை முனையில் இருந்து ஒரு சாண் தள்ளி வெல்க்ரோ பட்டையால் அலமாரிக் காலோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன், கனம் போர்ட்டில் இறங்காது. அப்படியும் ஒவ்வொரு ராத்திரியும் ஆட உட்காரும் முன் பின்னால் கையை விட்டு முனை நேராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் கன்ட்ரோலரை எடுக்கிறேன்.