பழைய புல்வெட்டி: கார்புரேட்டரைக் கழுவுவதா, மாற்றுவதா?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய புல்வெட்டி 'உர்ர்... உர்ர்' என்று ஏறி இறங்கி ஓடினால், பலரும் முதலில் கவர்னர் ஸ்பிரிங்கைத்தான் இழுத்துப் பார்ப்பார்கள். அதில் கை வைக்காதீர்கள். என்ஜின் வேகம் எல்லை மீறாமல் காப்பது அதுதான். முதலில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு என்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுங்கள். ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில் ஜெட் அடைப்பு; ஜெட் என்பது பெட்ரோல் வரும் சிறு துளை.

கழுவுவதற்குச் செலவு ஒரு ஸ்ப்ரே டப்பாதான். பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைத் திறந்தால் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால் வெள்ளைப் பொடியும் இருக்கலாம். மெயின் ஜெட்டை மட்டும் துடைத்து மூடுவதுதான் வழக்கமான தவறு. ஐடில் (மெதுவான) ஓட்டத்துக்கான பைலட் ஜெட்டின் துளை மயிரிழை அளவுதான். அதையும் மெல்லிய செம்புக் கம்பியால் பதமாகக் குத்தி எடுக்க வேண்டும். இரும்பு ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும்.

மாற்றுவது அரை மணி நேர வேலை. ஆனால் ஹோண்டா ஜிசிவி160 போன்ற என்ஜின்களில் ஆட்டோ சோக், கை சோக் என வகைகள் உண்டு. இணைப்புக் கம்பி பொருந்தாவிட்டால் வாங்கியது வீண். மலிவு டூப்ளிகேட்டில் ஜெட் அளவும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது.

என் ஓட்டு கழுவுவதற்கே. கார்புரேட்டரின் உடல் அரித்துப் போயிருந்தாலோ, த்ராட்டில் தண்டு ஆட்டம் கண்டிருந்தாலோ மட்டும் புதிதுக்குப் போங்கள்.