ஏ9 சந்திச் சமிக்ஞை விளக்கு: நேரம் மாற்றிய பிறகு

வன்னியில் ஏ9 வீதியில் ஓட்டோ ஓட்டுகிறேன். எங்கள் ஊர்ச் சந்தி விளக்கின் நேரத்தை அண்மையில் மாற்றியிருக்கிறார்கள். நல்ல வேலை, மனதாரப் பாராட்டுகிறேன்.

முன்பு குறுக்கு வீதியில் ஒரு சைக்கிள்கூட இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் பச்சை நீளமாக எரியும். யாழ்ப்பாணப் பஸ், நெல் ஏற்றிய லொறி, பின்னால் நாங்கள், எல்லாரும் வெயிலில் நிற்போம். பொறுமை இழந்தவர்கள் சிவப்பிலேயே வெட்டிக்கொண்டு போவார்கள். இப்போது வாகனம் கூடிய பக்கத்துக்குப் பச்சையும் கூட. எல்லாப் பக்கத்துக்கும் ஒருமுறை பச்சை வந்து முடியும் மொத்தச் சுற்றும் குறுகிவிட்டது. சுற்றை நீட்டினால் நெரிசல் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். அளவுக்கு மேல் நீண்டால் எல்லாப் பக்கமும் காத்திருப்புத்தான் கூடும். இதற்கான சூத்திரத்தை இங்கிலாந்தில் வெப்ஸ்டர் என்ற போக்குவரத்து ஆய்வாளர் 1958இலேயே எழுதிவிட்டார். மஞ்சளுக்குப் பிறகு எல்லாப் பக்கமும் கொஞ்சம் சிவப்பாக நிற்பதும் நல்லது. சந்திக்குள் மாட்டிய உழவு இயந்திரம் பெட்டியோடு வெளியே வந்துவிடும்.

குறை நடப்பவர்களுக்குத்தான். 12 மீற்றர் வீதியை வினாடிக்கு 1.2 மீற்றர் வேகத்தில் கடக்க 10 வினாடி. கணக்குச் சரி. சந்தைப் பையோடு வரும் ஆச்சிக்கு அந்த வேகம் எங்கே? அவர் நடுவீதியில் நிற்கும்போதே எங்களுக்குப் பச்சை விழுகிறது. போரில் கால் இழந்து ஊன்றுகோலோடு நடப்பவர்கள் இங்கே எத்தனை பேர்! இன்னும் 5 வினாடி கூட்டுங்கள். அப்புறம், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குத் தனி அட்டவணை வையுங்கள்.